மூட்டம் வரும் என்று சொன்னவள்

பால்காரர் அளந்து ஊற்றும்போது எல்லோரும் பாலைப் பார்ப்பார்கள். நான் அவருடைய கட்டைவிரலைப் பார்ப்பேன். விரல் படிக்குள் இறங்கியிருந்தால் அந்த அளவுக்குப் பால் குறையும் என்பது தாராவியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். காய்கறிக்காரரின் தராசுத் தட்டை அடியில் குனிந்து பார்ப்பேன், புளி ஒட்டியிருக்கிறதா என்று. எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை சொந்த அத்தை மகன், சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். அப்படியும் அவர் வேலை பார்ப்பதாகச் சொன்ன கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா என்று சயானில் பஸ் ஏறிச் செம்பூருக்குப் போய், கேட்டையும் போர்டையும் பார்த்துவிட்டு வந்தவள் நான். கம்பெனி இருந்தது. கேட்டுக்கு வெளியே நின்றபோதே மூக்கில் காரம் ஏறியது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் பாவம் என்றாள்.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான் ஒன்றை மட்டும் சந்தேகப்படாமல் விட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நான் கொலாபாவில், அரசாங்க வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மாட்டுங்காவில் கல்லூரியில் பௌதிகம் படித்து, பரீட்சை எழுதித் தேறிக் கிடைத்த வேலை. தாராவியில் எங்கள் சந்துப் பெண்களுக்கு அது வடகம் காயப்போட நாள் பார்த்துச் சொல்கிற வேலை. "ஏட்டி, இன்னைக்கு மழ உண்டுமா?" என்று கேட்பார்கள். உண்டு என்றால் பெய்யாது, இல்லை என்றால் பெய்யும் என்று அவர்களே முடிவுகட்டி அதற்கு நேர்மாறாக வடகம் போடுவார்கள். உண்மையில் என் பொறுப்பு மழை அல்ல. புகை.

தினமும் மத்தியானம் வெளிநாட்டுச் செயற்கைக்கோள் ஒன்று தெற்கிலிருந்து வடக்காக நம் தலைக்கு மேலே போகும். போகிற நேரத்தில் அது அனுப்பும் சத்தத்தை எங்கள் மொட்டைமாடி ஆண்டெனா பிடிக்கும். கடிகாரம் ஓடுவது போன்ற சத்தம்தான், வேறொன்றும் இல்லை. அந்தச் சத்தத்தை ஓர் இயந்திரம் காகிதத்தில் வரிவரியாகக் கறுப்பு வெள்ளைப் படமாக இறக்கிவிடும். தெற்கு முதலில் வந்துவிடுவதால் இலங்கை மேலேயும் குஜராத் கீழேயுமாக, கடல் வலது பக்கமும் மலை இடது பக்கமுமாகப் படம் தலைகீழாக வரும். கையில் எடுத்ததும் ஒரு திருப்புத் திருப்பித்தான் பார்க்கவேண்டும். எங்களுக்கு அது சோற்றைப் பிசைவது போலக் கைப்பழக்கம். புதிதாக வந்தவர்கள் திருப்ப மறந்து, அரபிக்கடலுக்கு நடுவே நாசிக்கைத் தேடுவார்கள்.

படத்தில் தெரிந்த மேகங்களைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மேகத்தில் பதவி உயர்வு இருந்தது. புகையும் தூசியும் என் பங்குக்கு வந்தன. சிவராத்திரி கழிந்ததும் தாணா மாவட்டத்து மலைகளிலும் அதற்குத் தெற்கே சஹ்யாத்ரிச் சரிவுகளிலும் காய்ந்த புல் தீப்பிடிக்கும், காடு எரியும். கீழே நெல் விதைக்கப் போகிறவர்கள் நாற்றங்கால் மண்ணில் சருகையும் சாணியையும் பரப்பிக் கொளுத்துவார்கள். மராத்தியில் அதற்கு ராப் என்று பெயர். இந்தப் புகையெல்லாம் இரவில் மலையிலிருந்து இறங்கி, காற்று அசையாத விடியற்காலைகளில் பம்பாய்மேல் மூடி போட்டு உட்கார்ந்துகொள்ளும். விமானம் இறக்குகிறவர்களுக்கு அது தலைவலி. அதனால் முதல்நாள் மத்தியானப் படத்தில் மலையிலிருந்து கரை வரை புகை எங்கே கிடக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, மஞ்சள் பென்சிலால் ஓரம் கட்டி, மறுநாள் காலை மூட்டம் இறங்குமா என்று எழுதிக் கொடுக்கவேண்டும். தண்ணீர் கலந்த பால் எப்படி இருக்குமோ அப்படித்தான் புகை படத்தில் இருக்கும். பால்காரரைச் சந்தேகப்பட்டே வளர்ந்தவளுக்கு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை.

கோடு விழுந்து கெட்டுப்போன படங்களையும் வேலை முடிந்த படங்களையும் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவோம். அது எங்கள் அலுவலகத்து வழக்கம். கனமான வழவழப்பான காகிதம், சமையலறை அலமாரிக்கு விரிக்க அதைவிட நல்லது கிடையாது. எங்கள் வீட்டில் பருப்பு டப்பா அரபிக்கடலிலும் உப்பு ஜாடி கட்ச் பாலைவனத்திலும் இருந்தன.

கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் செம்பூரிலேயே ஒரு கட்டடத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த இடம் அங்கே பேர்போன பெரிய ஆலைகளில் ஒன்றல்ல. அவற்றின் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்த ஒரு சாய ரசாயனக் கம்பெனி, இப்போது அது இல்லை. பகல் ஷிப்டில் இயந்திரம் பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். பொய் சொல்லத் தெரியாது. சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் இருப்பார், அவ்வளவுதான். சாயங்காலம் நான் ரயிலில் நசுங்கி வீடு வந்து சேர்ந்து, சோற்றுக்கு உலை வைத்ததும், சமையலறை வாசற்படியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்.

"இன்னைக்கு என்ன படம் வந்துச்சு?"

இது என்ன பெரிய கேள்வி என்று இப்போதைய பெண்கள் நினைக்கலாம். அந்தக் காலத்தில் என்னுடன் வேலை பார்த்த பெண்களின் வீட்டில் சம்பளத் தேதியை மட்டும்தான் கேட்பார்கள். அலுவலகத்திலேயே என் மஞ்சள் கோட்டை யாரும் ஏன், எப்படி என்று கேட்டதில்லை. இவர் கேட்டார். பையிலிருந்து படத்தை எடுத்து விரிப்பேன். திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன், மேகத்துக்கும் புகைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்தேன். சீக்கிரமே அவரே, "இது மலையத் தாண்டி எறங்கிட்டுல்லா" என்று விரல் வைத்துக் காட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூட உண்டு.

போபாலில் விஷவாயு கசிந்ததற்கு அடுத்த கோடை அது. அதற்கு முன்னால் செம்பூரில் நாற்றம் அடித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விடுவோம். போபாலுக்குப் பிறகு காலையில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் போதும், கட்டடத்தில் கதவுகள் படபடவென்று திறக்கும், யார் வீட்டில் யார் இருமினார்கள் என்று விசாரணை நடக்கும். எங்கள் கட்டடத்தில் கம்பெனி ஆள் என்று இருந்தவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் படியிறங்கும்போது பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டு மாமி, கட்டடத்துச் செகரட்டரியின் மனைவி, எனக்கு ரசப்பொடியெல்லாம் கொடுத்து ஆளாக்கியவர், அவர்கூட என்னைக் கொடிக்கயிற்றருகே நிறுத்தி, "நெருப்பில்லாம பொகையுமாடி? உங்காத்துக்காரரைக் கேட்டுச் சொல்லேன்" என்றார்.

என்னைக் கேட்டால் மாமிக்கு முன்னாலேயே நான் சந்தேகப்பட்டாயிற்று. எங்கள் பெண்ணுக்கு நான்கு வயது. அந்த மாசியில் அவளுக்கு இளைப்பு தொடங்கியது. காலையில் எழுந்ததும் மூச்சு இழுக்கும், விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும், மத்தியானம் கடல்காற்று வந்ததும் சரியாகிவிடும். டாக்டர், இடம் மாற்றிப் பார்க்கலாமே என்று இழுத்தாற்போல் சொன்னார். அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்டேன், இந்தப் புகை உங்கள் கம்பெனிப் புகையா என்று. ஆமாம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாராவிக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றும் சொன்னேன். வெறும் மிரட்டல் இல்லை அது. அவருக்கும் தெரியும்.

அவர் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "பொக எங்க கம்பெனிது இல்ல" என்றார்.

நான் நம்பவில்லை. எதற்கு நம்பவேண்டும்? என் கையில் படம் இருந்தது. அலுவலகத்தில் சிவராத்திரியிலிருந்து வந்த படங்களை எடுத்து வைத்து, பிள்ளை இளைத்த ஒவ்வொரு காலைக்கும் முதல்நாள் படத்தைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் புகை இருந்தது. செம்பூரில் மட்டும் இல்லை, மலையடிவாரத்திலிருந்து கரையெல்லாம் மூடி, கடலுக்குள்ளும் கொஞ்சதூரம் போயிருந்தது. எந்தக் கம்பெனிப் புகைபோக்கியாலும் அத்தனை புகையைக் கக்க முடியாது. காடுதான். அவர் சொன்னது நிஜம்.

அன்றைக்கு ரயிலில் வந்தபோது எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில். புருஷனைச் சந்தேகப்பட்டு, புருஷன் சொன்னது உண்மை என்று ஒரு செயற்கைக்கோளே சாட்சி சொன்ன பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தப் படங்களில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு நேராகச் செகரட்டரி மாமாவிடம் போய் விளக்கினேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அரசாங்கக் காகிதத்துக்கு மரியாதை கொடுக்கிறவர். கீழே அறிவிப்புப் பலகையில், தண்ணீர் வரும் நேரத்துக்குப் பக்கத்தில் அதைக் குத்திவைத்தார். தலைகீழாக. நான் திருத்தவில்லை. யாராவது ஒருவராவது நின்று பார்த்து இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறார்களா பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் பெண்டாட்டி கொண்டுவந்த படம்தானே என்று மாடிப்படியில் யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

என் மனத்துக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருந்தது, சில நாளைக்கு. அப்புறம் ஒரு சின்ன விஷயம் உறுத்த ஆரம்பித்தது.

சில சாயங்காலங்களில் அவர் எழுந்து வீட்டில் உள்ள எல்லா ஜன்னல்களையும் அடைப்பார். அடைத்து, கதவிடுக்கில் பழைய வேட்டியைத் திணிப்பார். ஏன் அடைக்கிறீர்கள் என்று கேட்டால், "பிள்ளைக்கு எளைக்குல்லா. நீதான மூட்டம்னு சொன்ன" என்பார். நியாயம்தான். மூட்டம் வரும் என்று நான் சொன்ன நாட்களில்தான் அடைத்தார். அதோடு, அந்த நாட்களில்தான் சாப்பிட்டதும் கீழே போய் முனைக்கடையில் பீடா வாங்கிவருவார். அந்தக் கடையில் தொலைபேசி உண்டு. மற்ற நாட்களில் அவருக்குப் பீடா ஞாபகம் வருவதில்லை.

பீடா வாங்குகிறவரைச் சந்தேகப்படுவாளா ஒருத்தி என்றால், நான் படுவேன்.

பிறகு ஒருநாள் என் கணிப்பு தப்பியது. படத்தில் புகை மெல்லியதாகத்தான் இருந்தது, காலையில் தெளிவாக இருக்கும் என்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். அவர் ஜன்னலை அடைக்கவில்லை, கீழேயும் போகவில்லை. விடிந்து பார்த்தால் எதிர்க் கட்டடம் தெரியாத மூட்டம். திறந்த ஜன்னல் வழியாக வீடு முழுக்கப் புகை. பிள்ளையை அள்ளிக்கொண்டு அவள் மூச்சையே கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். சருகு எரிந்த வாசனை, கொஞ்சம் சாணி வாசனை. பிள்ளை இரண்டு தடவை தும்மினாள். இளைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்ற மூட்ட நாட்களில், ஜன்னல் அடைத்திருந்தும், அந்தப் புகைக்குள் இன்னொன்று இருந்தது. மூக்கைச் சுடும் ஒரு காரம். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி கேட்டில் நின்றபோது ஏறிய அதே காரம். புகையோடு சேர்ந்தே வந்ததால் அதையும் புகை என்றே நினைத்திருந்தேன். இன்றைக்கு நான் சொல்லாமலே புகை வந்தது, காரம் வரவில்லை. புகை காட்டின் பேச்சைக் கேட்டு வந்தது. காரம் என் பேச்சைக் கேட்டு வந்தது.

ஆனாலும் என்னை எனக்குத் தெரியும். இல்லாததை இருப்பதாக நினைத்து எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தடவை தெரிந்துகொள்ளாமல் வாயைத் திறக்கக்கூடாது என்று வைராக்கியம் வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை வந்த படம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. முந்தின நாள் வடக்கேயிருந்து நல்ல காற்று வீசி மலைப்புகையை அடித்துக்கொண்டு போய்விட்டது. கொங்கணக் கரை ஒவ்வொரு வளைவோடும் தெரிந்தது. அந்தப் படத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தாராவிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் விட்டேன். தோல் பதனிடும் ஷாப் நாற்றமும் சாக்கடையும் நடுவில் இருக்கிற வீடு. நல்ல காற்றுக்காகச் செம்பூரிலிருந்து தாராவிக்குப் பிள்ளையை அனுப்பியவள் நான் ஒருத்திதான் என்று அம்மா சிரித்தாள். நான் திரும்பி வந்து உலை வைத்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து, பிள்ளை இல்லாத மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, இன்னைக்கு என்ன படம் என்று கேட்டார்.

படம் கொண்டுவரவில்லை என்றேன். "ஆனா நாளைக்குக் காலையில பலமா மூட்டம் எறங்கும் அத்தான். பக்கத்துக் கட்டடம்கூடத் தெரியாது."

அவர் பீடா வாங்கப் போகமாட்டார் என்று நம்பினேன். நம்பினேன் என்றுகூடச் சொல்லக்கூடாது, சாமியிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சாப்பிட்டார். கையைக் கழுவினார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்து ஜன்னல்களை அடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று விடிந்தது. வானத்தில் ஒரு பொட்டுப் புகை இல்லை, வெயில் வீட்டுக்குள் கோடு போட்டது. அந்த வெயிலோடு காரம் வந்தது. மூட்டத்துக்குள் ஒளிந்து வந்தபோது யாருக்கும் பெயர் தெரியாமல் இருந்த அது, தெளிந்த காற்றில் அம்மணமாக வந்து நின்றது. கண் எரிந்தது. பக்கத்து வீட்டில் மாமி இருமினார், நிறுத்தமுடியாமல் இருமினார், மாமா தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார். கீழே யாரோ போபால் என்றார்கள். அவ்வளவுதான். முந்தானையையும் துண்டையும் முகத்தில் அழுத்திக்கொண்டு சனம் ஸ்டேஷன் பக்கம் ஓடியது. ஒரு பெண் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடினாள். நான் மாமியைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு ஓடினேன்.

யாரும் சாகவில்லை. கொஞ்ச நேரத்தில் காரம் கலைந்தது, மக்கள் கோபத்தோடு திரும்பி வந்தார்கள். தப்பு உன்னுடையது என்று நீங்கள் யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வால்வைத் திறந்த கை என் கை இல்லை.

வெயில் ஏறியதும் கம்பெனி அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து எங்கள் காம்பவுண்டில் இறங்கினார். வெள்ளைச் சட்டை, இனிக்க இனிக்க இந்தி. முதலில் எல்லோருடைய உடம்பையும் விசாரித்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பிறகு இது மலையில் காடு எரிகிற புகை, கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். சொல்லிக்கொண்டே அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டார். இதோ, உங்கள் கட்டடத்திலேயே அரசாங்கப் படம் இருக்கிறதே, பாருங்கள், புகை இந்த மலையிலிருந்து கிளம்பி இப்படி வருகிறது என்று அதில் விரல் வைத்துக் காட்டினார்.

அவர் மலை என்று விரல் வைத்த இடம் நடுக்கடல்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் கலந்திருந்தது. மேலே ஓடிப்போய்ச் சனிக்கிழமைப் படத்தை எடுத்துவந்தேன். பலகையில் இருந்ததைப் பிடுங்கி நேராகத் திருப்பிக் குத்தி, பக்கத்தில் புதியதையும் குத்தினேன். இது பழைய படம், இதில் புகை உண்டு, நீங்கள் காட்டியது கடல், மலை இந்தப் பக்கம் என்றேன். இது நேற்று வந்த படம். மலையிலிருந்து கடல் வரை பாருங்கள், புகை எங்கே? புகையே இல்லாத காலையில் எங்கள் மாமி எதைக் குடித்து இருமினார்? எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்தது. அதிகாரியின் முகம் சுருங்கியது. அந்த ஒரு நிமிஷம் நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

செகரட்டரி மாமா படத்தைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மாமிக்கான தண்ணீர்ச் செம்பு இருந்தது.

"நேத்து சாயங்காலமே கொழந்தையை அம்மா ஆத்துல கொண்டுபோய் விட்டுட்டியேம்மா. இன்னிக்கு இப்படி ஆகும்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் காம்பவுண்டில் எல்லோருக்கும் கேட்டது. மாமியும் இருமலை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பால்காரரின் விரலை நான் பார்க்கிற பார்வை.

ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பியிருக்கலாம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் முடிந்தது. ஆனால் ஜன்னலை அடைத்த கைகள் என் கண்முன் வந்தன. எங்கள் வீட்டு ஜன்னலை மட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி வீட்டு ஜன்னல் திறந்தே கிடக்கும் என்று தெரிந்தும், எங்கள் ஜன்னலை மட்டும். என் வீட்டுக்காரர் கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"இவியட்ட கேளுங்க மாமா" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அதிகாரி வேகமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் வீட்டுக்காரர் அதிகாரியைப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொன்னேனே.

"மூட்டம் வரும்னு இவதான் சொன்னா" என்றார். "அதான் வால்வத் தெறந்தாங்க."

அதன்பின் காம்பவுண்டில் நடந்தது எனக்குத் தொடர்ச்சியாக நினைவில்லை. ஜீப்பின் கண்ணாடி உடைந்தது நினைவிருக்கிறது. மீதியை அவர் சாயங்காலம் வீட்டில் சொன்னார், நான் கேட்கக் கேட்க, ஒவ்வொரு வார்த்தையாக. வாயுவைக் கழுவி வெளியேற்றும் கோபுரம் கெட்டுக் கிடந்தது. அதைச் சரிபண்ணக் கம்பெனியை நிறுத்தவேண்டும், நிறுத்த முதலாளிக்கு மனமில்லை. அவ்வப்போது கழுவாமலே விட்டார்கள். போபாலுக்குப் பிறகு சனம் கேட்டில் வந்து நிற்கும் என்ற பயம். உன் பெண்டாட்டி வானிலையில்தானே இருக்கிறாள், மூட்டம் வரும் இரவைக் கேட்டுச் சொல் என்று சூப்பர்வைசர் சொன்னார். மூட்டத்தோடு விட்டால் மூட்டம் என்று போய்விடுவார்கள். காற்று அசையாமல் புகையைக் கீழே பிடித்து வைக்கிற இரவில் அந்த வாயுவும் கீழேயேதான் கிடக்கும், அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது என்பது சூப்பர்வைசருக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் இவருக்குப் படத்தை விரித்துவைத்து அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அதனால்தான் ஜன்னலை அடைத்தார். கம்பெனி மூடினால் எல்லோருக்கும் வேலை போகும், நாம் எங்கே போவது என்றார். நான் அழவில்லை. நம்ம பிள்ளை அத்தான், என்று மட்டும் சொன்னேன்.

சொன்ன சொல்படி தாராவிக்குப் போனேன். கம்பெனிக்கு அரசாங்க அதிகாரிகள் வந்து சோதித்தார்கள், கோபுரம் சரியானது. எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்ததற்காக அவரை வேலையைவிட்டு நீக்கினார்கள். சூப்பர்வைசர் அங்கேயே இருந்தார். இவருக்கு அம்பர்நாத்தில் வேறு வேலை கிடைத்தது. விடுமுறை நாட்களில் பிள்ளையைப் பார்க்க வந்து அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போவார். திரும்பி வரமாட்டேன் என்றது செம்பூர் வீட்டுக்குத்தான், இவருக்கு இல்லை என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி, அடுத்த மழைக்காலத்தில் நானும் பிள்ளையும் அம்பர்நாத்துக்குக் குடிபோனோம். பிள்ளைக்கு இளைப்பு நின்றுவிட்டது. மாமி ஒருதடவை ரசப்பொடி கொடுத்தனுப்பினார். நேரில் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் எல்லாம் கேட்பார். ரயிலில் கூட்டமா, உட்கார இடம் கிடைத்ததா, பிள்ளை சாப்பிட்டாளா. என்ன படம் வந்தது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் படங்களை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன். ஆனால் நல்ல படம் ஒன்று வந்துவிட்டால், மலையும் கரையும் அச்சடித்தாற்போலத் தெரிந்துவிட்டால், அன்று ரயில் முழுக்க யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் சோறு வடிப்பேன்.

அவர் அந்தக் கேள்வியை எப்போது கேட்க ஆரம்பித்தார் என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதிலா, சூப்பர்வைசர் சொன்ன பிறகா? புதிதிலேயே கேட்டது போலவும் இருக்கிறது, கேட்காதது போலவும் இருக்கிறது. உலகத்தில் எல்லோரையும் எல்லாவற்றையும் கேட்டுத் தீர்த்துக்கொண்டவள், இதை மட்டும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.